கறி அளவு, மருந்து அளவு

மட்டக்களப்பில் யாரிடமாவது "எனக்குச் சீனி வருத்தமாம்" என்று சொல்லிப் பாருங்கள். பாமசியில் குளிசை வாங்கி வீட்டுக்கு வருவதற்குள் நாலு வைத்தியம் வந்து சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டு மாமி குறிஞ்சா இலையைச் சுண்டிச் சாப்பிடச் சொல்வா. ஆட்டோ ஓட்டுகிற தம்பி வெண்டிக்காயைக் கீறி இரவு தண்ணீரில் ஊறவைத்து, விடியக் குடிக்கச் சொல்வான். காத்தான்குடிக் கடை நானா, சாமானைக் கட்டிக்கொண்டே கருஞ்சீரகப் போத்தலைக் கண்ணால் காட்டுவார். கனடாவில் இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பிவிட்டு, பார்த்தாயா பார்த்தாயா என்று கேட்டபடி இருப்பா. யாரும் காசு கேட்பதில்லை. அன்பில் சொல்கிறார்கள். மறுத்துப் பேச வாய் வராது.

இதையெல்லாம் கேலி செய்கிற ஆள் நான் இல்லை. ஆரையம்பதியில் வளர்ந்தவன், முருங்கை இலையும் வல்லாரையும் சாப்பிட்டே ஆளானவன். ஆனால் ஒன்றைக் கவனித்து வருகிறேன். இதே இலையும் காயும் கறியாகக் கோப்பையில் இருக்கும்வரை யாருக்கும் ஒரு கேடும் வருவதில்லை. அதே சாமானை மிக்ஸியில் அடித்து, வடித்து, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் என்று ஆக்கும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. எங்கள் பெத்தா (பாட்டி) எதைச் செய்தாலும் "கறியளவுக்குக் காணும்" என்பா. அந்தக் கணக்கைத்தான் இப்போது நாங்கள் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெத்தாவின் இலைக்கஞ்சியில் இருந்தே தொடங்கலாம். முதலில் குத்தரிசிக் குறுநொய்யை உள்ளிப் பல்லோடு குழைய வேகவிடுவா. இலைக்கு இன்னதுதான் என்று சட்டம் கிடையாது. வேலியில் முசுமுசுக்கை கிடந்தால் அது, கிணற்றடியில் வல்லாரை இருந்தால் அது, ஒன்றும் இல்லாவிட்டால் முருங்கையும் கறிவேப்பிலையும். தேங்காய்ப்பூவோடு சேர்த்து அம்மியில் அரைத்து, தண்ணீர் விட்டுப் பிழிந்து வடித்து வைத்துக்கொள்வா. அரிசி நன்றாகக் குழைந்தபிறகுதான் இலைச்சாறு உள்ளே போகும். ஒரு கொதி, அவ்வளவுதான். உடனே சட்டியை இறக்கிவிட வேண்டும். பேச்சுப் பராக்கில் இரண்டு மூன்று கொதி விட்டால் அந்தப் பச்சை செத்துப்போய்ப் பாசி நிறத்துக்கு வந்துவிடும். சூட்டில் இலையின் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்றுபோவதால் வரும் நிறமாற்றம் அது. அப்படி ஆன கஞ்சியைச் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காது. உப்புக் கொஞ்சம், கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டு ஒன்று.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இரவெல்லாம் காய்ந்த உடம்புக்குத் தண்ணீரும் உப்பும் கிடைக்கின்றன, இலகுவாகச் செரிக்கிற அரிசி கிடைக்கிறது. இலையில் இருக்கிற கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். அந்தக் கொழுப்பைத் தேங்காய்ப்பூ கொடுத்துவிடுகிறது. பால்மா இல்லாமல் நாடே அல்லாடிய 2022இல் எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் இந்தக் கஞ்சி திரும்ப வந்தது. கல்லடிப் பாலத்தில் காலையில் நடக்கிறவர்களும் நடை முடிந்ததும் இலைக்கஞ்சி தேடிப் போவார்கள். சீனி வருத்தத்துக்காக வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு, கஞ்சியோடு உள்ளங்கை அளவு சக்கரைக் கட்டியைக் கடிக்கிற அண்ணன்மாரையும் அங்கே பார்க்கலாம். சக்கரையும் சீனிதான் அண்ணன் என்று சொன்னால், "இது இயற்கை" என்று பதில் வரும். சரி.

எங்கள் பக்கம் இலை பெரும்பாலும் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இருந்து வருகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனம் "பாதை" என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதைக்குக் காத்துக் கிடந்த நேரத்தில் இலைக்கட்டு வாடிவிடும். இப்போது விடிந்ததும் சந்தைக்கு வந்துவிடுகிறது. வாங்கும்போது எந்த இலை என்பதை விட எங்கே பிடுங்கியது என்று கேட்பது முக்கியம். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரத்தில் வளர்கிறவை, நிற்கிற தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதை உறிஞ்சி வைத்துக்கொள்பவை. பட்டணத்து வடிகான் ஓரத்தில் தளதளவென்று நிற்கிற வல்லாரையை நான் வாங்குவதில்லை. ஈயமும் கட்மியமும் கழுவினால் போகிற ஊத்தை இல்லையே. வீட்டுக் கிணற்றடியில் ஒரு சாண் நிலம் இருந்தாலே ஒரு குடும்பத்துக்குக் காணும்.

வல்லாரை என்றாலே பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி என்று சொல்லுவோம். சாதாரண தரப் பரீட்சை வருகிற மாதம் ஊரில் வல்லாரைச் சம்பல் இல்லாத வீடு இல்லை. ஞாபகசக்திக்கு நிரூபணம் அவ்வளவு பலமாக இல்லை. ஆனால் காயம் ஆற்றுகிற விஷயத்தில் பழைய ஆட்கள் சொன்னது வீண்போகவில்லை. இதிலுள்ள ஏசியாட்டிகோசைட் என்ற பொருளை வைத்து, மடகாஸ்கரில் வளர்ந்த வல்லாரையில் இருந்து பிரான்சில் காயத்துக்குப் பூசும் களிம்பே செய்து விற்றார்கள். அதற்காகச் சம்பலைப் புண்ணில் அப்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால் அந்தச் சம்பலில் மெச்ச வேண்டியது தேசிக்காய்ப் புளியைத்தான். இலையில் இருக்கிற இரும்புச்சத்து இலேசில் உடம்பில் சேராது. தேசிக்காயில் இருக்கிற வைட்டமின் சி அதைச் சேர வைக்கிறது. பச்சை இலை, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், கடைசியில் புளி என்று யார் முதலில் பிசைந்தாரோ, அவர் ஆய்வுகூடம் இல்லாமலே சரியாகப் பிசைந்திருக்கிறார். கெடுப்பது நாங்கள்தான். சோறு உண்ட கையோடு பிளேன்டீ. தேயிலையில் உள்ள தனின் அந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளினிக்கில் இரும்புக் குளிசை கொடுக்கும்போது தேத்தண்ணியோடு போடாதே என்று மிட்வைஃப் மிஸ் திருப்பித் திருப்பிச் சொல்வது இதனால்தான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் போகட்டும், பிறகு குடிக்கலாம்.

இனி மருந்து அளவுக்கு வருவோம். எங்கள் பக்கத்து வளவுகள் பலவற்றில் ஒரு பிலிங்காய் மரம் நிற்கும். மீன் ஆணத்துக்கு நாலு காய் வெட்டிப் போட்டால் புளிக்குப் புளி, ருசிக்கு ருசி. இந்தக் காயைச் சாறாக அடித்துக் குடித்தால் சீனியும் கொழுப்பும் இறங்கும் என்று ஒரு கதை ஊரில் சுற்றுகிறது. பிலிங்காயில் ஒக்சலிக் அமிலம் மிக அதிகம். கறியில் நாலு காய், அதுவும் ஒரு குடும்பத்துக்கு என்றால் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். ஒரு கிளாஸ் சாறு என்றால் அது ஒக்சலேட் பளிங்குகளாகி வடிகட்டியில் மண் அடைத்த மாதிரி சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்ளும். கேரளாவில் இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து வந்த 10 பேரைப் பற்றி 2013இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். இலங்கையிலும் பிலிங்காயாலும் காமரங்காயாலும் (நட்சத்திரப் பழம்) இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். காமரங்காயில் இன்னொரு பொல்லாப்பும் உண்டு. அதிலுள்ள கரம்பொக்சின் என்ற நஞ்சைச் சிறுநீரகம் நல்லாக இருந்தால் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது, அது மூளையைத் தாக்கும். விக்கல் விடாமல் எடுக்கும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். கொடுமை என்னவென்றால், இந்தச் சாறைத் தேடிக் குடிக்கிறவர்களில் பெரும்பாலோர் சீனி வருத்தக்காரர். அவர்களில் பலருக்குத் தெரியாமலே சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

இளநீர் கூட இப்படித்தான். செவ்விளநீரைப் போல வெயிலுக்கு ஒன்று கிடையாது. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களும், பிரஷருக்கு லொசாட்டன் போடுகிறவர்களும் நாளும் பொழுதும் இளநீர் குடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். இதய வால்வு மாற்றி, இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்பரின் போடுகிறவர்கள், இலைக்கஞ்சி நல்லது என்று கேள்விப்பட்டு ஒரேயடியாகத் தொடங்கினால் கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அவர்கள் கீரையை விடத் தேவையில்லை. வழக்கமாகச் சாப்பிடுகிற அளவை மாற்றாமல் இருந்தால் டொக்டர் அதற்கேற்ப மருந்தைச் சரிபண்ணிக்கொள்வார்.

மஞ்சளுக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. 2019 டிசம்பரில் அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அடுத்த வருடம் கொரோனாவும் வர, மஞ்சளுக்கு வந்த கிராக்கியைச் சொல்லி மாளாது. கடலால் மூட்டை மூட்டையாகக் கடத்தினார்கள், மாவைக் கலந்து விற்றார்கள், திருஷ்டி கழிக்கிற அளவுக்குக் கூட மஞ்சள் இல்லாத வீடுகள் இருந்தன. அந்த 2020 டிசம்பரில்தான் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்கு மருந்தென்று தேனும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சரே பாணியைக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதமே அவருக்குக் கொரோனா. தேனில் ஒரு பிழையும் இல்லை. அதைத் தடுப்பூசியின் இடத்தில் கொண்டுபோய் வைத்ததுதான் பிழை.

மஞ்சள் தூளில் குர்குமின் என்ற பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கும். அதுவும் உடம்பில் அவ்வளவாக ஏறாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் ஏறுவது பல மடங்கு கூடும் என்று 1998இல் பெங்களூரில் இருந்து வந்த ஆய்வு காட்டியது. பெத்தா சரக்கரைக்கும்போது மஞ்சளும் மிளகும் எப்போதும் சோடியாகத்தான் அம்மிக்குப் போகும். இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டு குர்குமினையும் பைப்பரினையும் செறிவாக்கிக் குளிசையாக விற்கிறார்கள். அந்தக் குளிசை தின்று கல்லீரல் வீங்கியவர்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். மஞ்சள் போட்ட மீன்கறியால் கல்லீரல் வீங்கியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

சரக்கு என்றதும் பிள்ளைப்பெற்ற வீடு ஞாபகத்துக்கு வருகிறது. மல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் பட்டுப்போல அரைத்து, பால்சுறாவைப் போட்டு இறக்கிய கறியின் வாசம் தெருமுனைக்கே வரும். ஆண்கள் நாங்களும் எட்டிப் பார்ப்போம், கிடைக்காது. பால்சுறா தின்றால் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. பால் சுரப்பதை உண்மையில் தீர்மானிப்பது பிள்ளை எத்தனை தடவை வாய்வைத்து உறிஞ்சுகிறது என்பதுதான். ஆனாலும் களைத்துப்போன தாய்க்குச் சூடான, இலகுவில் செரிக்கிற, புரதம் நிறைந்த ஒரு கறியை வேறொருவர் அரைத்துச் சமைத்துக் கையில் கொடுக்கிறார் என்றால் அதைவிட என்ன வேண்டும்? சத்திரசிகிச்சை முடிந்து வந்தவர்களுக்குக் குளத்து விரால் கொடுக்கிற வழக்கமும் எங்களிடம் உண்டு. மலேசியாவிலும் இதே மீனை இதே காரணத்துக்காகக் கொடுக்கிறார்கள்.

எனக்குப் பிடிக்காதது அதே வீட்டில் ஓடுகிற மற்றப் பட்டியல்தான். கிரந்தி, அதாவது உடம்பு தடித்துச் சொறியும் என்று சொல்லித் தாய்க்குக் கத்தரிக்காய் கூடாது, தக்காளி கூடாது, அன்னாசி கூடாது, இறால் நண்டு கிட்டவும் கூடாது. சில வீடுகளில் குளிர்ச்சி என்று கீரையையும் நிறுத்திவிடுவார்கள். இரத்தம் இழந்து, பால் கொடுக்கிற ஒரு பெண் மாதக்கணக்கில் வெறும் சோறும் ஒரு கறியும் தின்றால் அவளிடம் என்ன மிஞ்சும்? மிட்வைஃப் மிஸ் வந்து எல்லாம் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுப் போவா. படலை சாத்தியதும் மாமியாரின் சட்டம் தொடரும். கிளினிக்கில் கொடுத்த திரிபோஷ சத்துமா பக்கற்றும் மற்றப் பிள்ளைகளுக்கு உருண்டையாகிவிடும்.

என்றாலும் கிரந்திப் பட்டியலை முழுசாகக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. சூரை மீன் கிரந்தி என்பது வெறும் பேச்சு இல்லை. ஐஸ் சரியாகப் பிடிக்காத சூரையில் பக்டீரியா பெருகி ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. காசநோய்க்கு ஐசோனியாசிட் மருந்து எடுக்கிறவர்கள் இப்படியான மீனைத் தின்றால் ஏற்படும் விளைவைப் பற்றி, இலங்கையின் மார்புநோய் மருத்துவர் சி. ஜி. உறகொடவும் எஸ். ஆர். கொத்தேகொடவும் 1977இல் எழுதினார்கள். உடம்பில் ஹிஸ்டமினைக் கரைக்கிற நொதியை அந்த மருந்து தடுத்துவிடுகிறது. காசநோய்க்காரர் சூரையைத் தொடாதே என்று பெத்தா சொன்னால், காரணம் தெரியாமல் சொன்னாலும், சொன்னது சரி.

பழஞ்சோற்றைப் பற்றி இரண்டு வரி. வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு பழஞ்சோறும் தயிரும் உண்டுவிட்டு வயலுக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். ஆனால் 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு, இரவு ஊறியதும் 73.91 ஆகிவிடும் என்று சுற்றுகிற செய்தியை நம்பாதீர்கள். இரும்பு ஒரு மூலகம். சட்டியில் இல்லாதது பச்சைத் தண்ணீரில் முளைக்காது. புளிக்கும்போது, இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஃபைட்டேட் என்ற அரிசிப் பொருள் உடைவதால், இருக்கிற இரும்பு கொஞ்சம் இலகுவாகச் சேரும். அவ்வளவுதான். வயலில் வெயிலில் நிற்கிறவனுக்கு அதன் தண்ணீரும் உப்புமே பெரிய காரியம்.

கருஞ்சீரகத்தைப் பற்றிக் காத்தான்குடி நண்பர்களோடு நான் வாதாடப் போவதில்லை. மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற நபிமொழி அவர்களுக்கு ஈமானோடு சேர்ந்தது. அவர்களிலேயே ஒரு நண்பர் சொல்வார், "அந்த ஹதீஸைச் சொல்றவங்க, நோய்க்கு மருந்து தேடுங்க என்ற ஹதீஸையும் சேர்த்துச் சொல்லணும்" என்று. நோன்புக் கஞ்சியில் போடுகிற வெந்தயமும் உள்ளியும் இஞ்சியும் நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு இதம் என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. அவர் வீட்டுக் கஞ்சிக்காக நானும் காத்திருப்பேன்.

விளையாட்டை விட்டு இரண்டு விஷயம் கறாராகச் சொல்ல வேண்டும். ஒன்று, தேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவுகிற பழக்கம் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. ஒரு வயது வரை வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சிசுவின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து, பிள்ளை உறிஞ்சவும் மூச்சுவிடவும் முடியாமல் ஆக்கிவிடும். எவ்வளவு சுத்தமான காட்டுத்தேன் என்றாலும் இதில் வித்தியாசம் இல்லை.

மற்றது டெங்கு. எங்களுக்கு மாரி மழையோடு அதுவும் வந்துவிடும். 2017இல் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் பதிவானார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் உடனே பப்பாசி இலை பிடுங்கக் கிளம்பிவிடுகிறோம். இரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) கூடுகின்றன என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டெங்கு ஆளைக் கொல்வது பெரும்பாலும் தட்டுக் குறைவால் அல்ல. காய்ச்சல் விடுகிற நேரத்தில் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து, பிரஷர் விழுவதால்தான். "காய்ச்சல் விட்டிட்டு, பப்பாசி வேலை செஞ்சிட்டு" என்று வீட்டார் ஆறுதல்படுகிற அந்த நாள்தான் மிக ஆபத்தான நாள். கசக்கிற சாறைக் குடித்து வாந்தி எடுத்தால் இருக்கிற நீரும் போய்விடும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை, பனடோல் மட்டும், அஸ்பிரினும் ஐபுப்ரோபெனும் கிட்டவும் வேண்டாம். பெத்தாவின் சமையலறைக்கு இங்கே வேலை இருக்கிறது. அரிசிக் கஞ்சி, இளநீர், தேசிக்காய்த் தண்ணி, ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் பொடி) எல்லாம் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறக் குடிவகை வேண்டாம், வாந்தியில் இரத்தமா சாயமா என்று தெரியாமல் போய்விடும்.

எங்கள் மாமி ஒருத்தி கொஞ்ச நாளாய்ப் பிலிங்காய்ச் சாறு குடித்து வந்தா. மேலே எழுதிய கதையை எல்லாம் உட்கார்ந்து சொன்னபிறகு, மரத்துக் காய் இப்போது மீன் ஆணத்துக்கு மட்டும் போகிறது. குறிஞ்சா இலைச் சுண்டலைத் தொடர்கிறா, அதை நானும் தடுக்கவில்லை. மாதா மாதம் கிளினிக் போகிறவ. இப்படிச் சாறு குடித்ததை அங்கே ஒருநாளாவது சொன்னீங்களா என்று கேட்டேன்.

"கேட்டாத்தானே மனே சொல்ற? விடியச் சாமத்தில போய் நம்பர் எடுத்து, பத்து மணிக்கு மேல உள்ளுக்குப் போனா, கொப்பியைப் பாத்து எழுதிட்டு அடுத்த நம்பரக் கூப்பிர்றாங்க. நான் வாயைத் திறக்கக்குள்ள அடுத்த ஆள் கதிரையில இரிக்கி."